எல்லாப் பெயருக்கும் குரல் கொடுத்தவர்கள்

பழவேற்காட்டுக்குப் போய் வந்திருக்கிறீர்களா? போயிருந்தால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், பூவேலை. நல்லது. அதே கரையிலிருந்து ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களில் ஒருவர் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? ஒன்றே ஒன்று?

முடியாது. கல் வெட்டக் கூலி கொடுக்க முடிந்தவர்களின் பெயர்கள்தான் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே, கல் இல்லாத ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவள் பெயர் ராஜம்மா. ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரில், டச்சுக்காரர்களின் கடைசிக் காலத்தில், தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு உலக வரலாறு சொல்லிக் கொடுத்தவள்.

கோட்டைக்குள் இருந்த பள்ளியில் மீன்பிடிக்கிறவன் பிள்ளைக்கு இடம் இல்லை. ஊருக்கு வெளியே ஓலைச்சுவடி வைத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரோ, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம் என்றதும் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் சாத்திய பிறகு ராஜம்மா வீட்டிலேயே ஆரம்பித்தாள். பதினைந்து வயது மகள் கஸ்தூரி, பதினான்கு வயது மகன் மாசிலாமணி, இருவர்தான் மாணவர்கள். ஆறு மாதம் கழித்து எல்லம்மா என்ற பெண் வந்து சேர்ந்தாள். அவளுக்கும் பதினைந்து வயதிருக்கும். எல்லம்மாவின் வீட்டாருக்குத் தோணியும் இல்லை, வலையும் இல்லை. ஏரியின் ஓரச் சேற்றில் குந்திக்கொண்டு, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள்.

ராஜம்மா படித்த விதம் வேடிக்கையானது. சின்ன வயதில் நகரத்தில் ஒரு டச்சு வீட்டில் விசிறி இழுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடம் படித்தபோது விசிறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் படித்தாள். கயிறு நின்றால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் கயிறு நிற்கவேயில்லை. தமிழ் எழுத்தைச் சபையின் உபதேசியார் கற்றுக் கொடுத்தார். தரங்கம்பாடியில் அச்சடித்த வேதப் புத்தகம் ஒன்றையும் இரவல் கொடுத்திருந்தார். இப்போது அந்த டச்சு வீட்டு எஜமானியம்மாள் கண் மங்கிய விதவை. வாரத்தில் இரண்டு நாள் ராஜம்மா போய், கப்பலில் வந்த செய்தித்தாள்களை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுதான் பாடம்.

காலையில் மீன் பிரித்து முடித்த பின், கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் தோணியின் நிழலில் பிள்ளைகள் மூவரும் உட்கார்வார்கள். தோணியின் அடிப்பலகையில் அவள் கரியால் கோடு போட்டு, இது கடல், இது பிரான்சு, இது டச்சுக்காரர்களின் ஒல்லாந்து என்பாள். வேதத்தின் வழியாகவே உலகத்தை விளக்கினாள். நடப்பது எல்லாம் ஆண்டவர் சித்தம் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஊரின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டாள்.

அந்த வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். இறால் ஓடும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எந்த இடம் எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெரியவர் கரையில் நின்று ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிடுவார். அந்த வீட்டிலிருந்து யாராவது “இருக்கோம்” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத வீட்டுக்கு அந்த ஆண்டு முறை கிடையாது. அடுத்தவன் பெயருக்குக் குரல் கொடுப்பதோ, அந்தக் கரையில் திருட்டைவிடப் பெரிய குற்றம்.

“போர்ச்சுகீசுக்காரன் பாடு முடிஞ்சிபோச்சி. இப்ப ஒல்லாந்துக்காரன் பாடு. இங்கிலீசுக்காரன் வலையத் தோள்ல போட்டுனு கரையில நிக்கிறான். முறை பிரிச்சிக் குடுக்கறவரு மேல இருக்காரு” என்றாள் ராஜம்மா ஒருநாள்.

“அப்போ பிரான்சுக்காரன்?” என்றான் மாசிலாமணி.

“அவன் ராஜாவோட வலையவே அறுத்துட்டானாம். போன வாரம்தான் வாசிச்சேன்.”

“கில்லாடிதான்” என்றான் அவன். கஸ்தூரி அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

எல்லம்மா சிரிக்கவில்லை. கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யக்கா, எங்க வூட்டுக்கு எப்பக்கா பாடு?”

“உங்களுக்கு ஏதுடி பாடு? நீங்க தடவிப் புடிக்கிறவங்க” என்றாள் கஸ்தூரி.

“அதான் கேக்கறேன். கரையில கூப்புடறப்போ எங்க நைனா பேரு வர்றதில்ல. மேல இருக்கறவரு கையில இருக்கற ஓலையிலயும் அப்படித்தானா?”

ராஜம்மா கரிக்கட்டியைக் கீழே வைத்தாள். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிப் பாடத்தை முடித்தாள்.

ஆள்கிறவனுக்கு ஆண்டவனே முறை கொடுத்திருக்கிறான் என்ற சமாதானம் எல்லா மதத்திலும் உண்டு. ஆள்கிறவனுக்கு அது மெத்தை மாதிரி. எத்தனையோ பண்டிதர்கள் அந்த மெத்தையைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து கற்று ஆறே மாதம் ஆன ஒரு பெண் இரண்டு கேள்வியில் அதைக் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் ராஜம்மா செய்ததைத்தான் நம் வாத்தியார்கள் பலர் ஆயுள் முழுக்கச் செய்வதில்லை. பிள்ளைகள் உட்கார்ந்ததும், “நேத்து நான் சொன்னது தப்பு” என்றாள். “பாடு பிரிக்கறப்போ எல்லாரும் கரையில நின்னு ஒத்துக்கறோம். ஒல்லாந்துக்காரன் வர்றப்போ நம்மள யாரு கேட்டா? அது பாடு இல்ல. பறிச்சிக்கினது.” பிறகு மேற்குக் கடலில் பிரான்சுக்காரர்களின் கரும்புத் தீவு ஒன்றில் அடிமைகள் எழுந்துவிட்ட செய்தியைச் சொன்னாள். இங்கிலாந்தில் சில கிறிஸ்தவ வீடுகளில், அடிமை வெட்டிய கரும்பு வேண்டாம் என்று சர்க்கரையையே விட்டுவிட்டதையும் சொன்னாள்.

“நாம சக்கரைய எந்த நாள்ல துன்னோம்? அப்போ நாமதான் ஒலகத்துலயே பெரிய புண்ணியவான்” என்றான் மாசிலாமணி.

“சக்கரை துன்னாம இருந்தா கப்பல் நின்னுடுமாக்கா?” என்று கேட்டாள் எல்லம்மா.

“நிக்காது. ஆனா கப்பல்ல இன்னா போவுதுன்னு வூட்ல பேசுவாங்க இல்ல?”

அந்த ஆண்டு வடக்கே பெரும் பஞ்சம். கிருஷ்ணைக்கு அப்பாலிருந்து மனிதர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே தெற்கே நடந்து வந்தார்கள். அவர்களுக்கு ஒருவேளைக் கஞ்சி ஊற்றி, “விருப்பத்தோடு தன்னைக் கொடுத்தார்” என்று ஓலையில் கைநாட்டு வாங்கி, கடல் ஓரக் கிடங்கில் அடைத்து வைத்தான் ஒரு வியாபாரி. வெளியில் கப்பல் காத்திருந்தது. அந்தக் கப்பலுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் உருட்டக் கூலிக்குப் போன எல்லம்மாவின் அண்ணன் பெரியசாமி மூன்று நாள் வேலை செய்தான். நான்காம் நாள் வீடு திரும்பவில்லை.

பீப்பாய் உருட்டிய இன்னொருவன் செய்தி கொண்டுவந்தான். பெரியசாமியையும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார்கள். வடக்கத்தியான் ஒருவன் செத்துப்போனதால் தலை ஒன்று குறைந்ததாம்.

எல்லம்மாவின் தாயும் தகப்பனும் அன்றே நாணல் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். கேட்கப் போனால் தங்களையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எல்லம்மா மட்டும் ராஜம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ராஜம்மா விதவை எஜமானியிடம் ஓடினாள். கிழவி ஒரு வழி சொன்னாள். ஏற்றுவதற்கு முன் கரையில் பெயர்ப் பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும். சொந்தக்காரர் யாராவது குரல் கொடுத்தால் விசாரிக்காமல் ஏற்றக்கூடாது. அப்படி ஒரு விதி உண்டு. ஆனால், இதுவரை யாரும் குரல் கொடுத்ததில்லை.

ஏன் கொடுக்கவில்லை? சொந்தக்காரர்கள் நூறு காதத்துக்கு அப்பால் பஞ்சத்தில் செத்துக் கிடந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதிய விதி அது. சட்டப் புத்தகத்தில் அழகாக இருந்து நடப்பில் ஒன்றுக்கும் உதவாத விதிகள் இன்றைக்கும் நம்மிடம் ஏராளம்.

அன்று மாலை உபதேசியார் வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“வேண்டாம்மா. வேலைக்காரன் எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துலயே இருக்குது.”

“இருக்குதுங்க ஐயா. எகிப்துல அடிமையா கெடந்த ஜனத்த ஆண்டவர் வெளியில கூட்டினு வந்ததும் அதே வேதத்துலதான் இருக்குது. அந்தப் பக்கத்த நீங்க பொரட்டவே மாட்டேன்றீங்க.”

“புத்தகம் சபையோடது. ஞாபகம் வச்சிக்கோ” என்றார் அவர், எழுந்துகொண்டே.

அவள் கணவன் துளசிங்கம் வலை முடிந்துகொண்டிருந்தான். உபதேசியார் போன பிறகு வாயைத் திறந்தான். “இந்தா, பெரியசாமிக்குப் பாடே இல்ல. நம்ம வூட்டுக்காரங்க அவன் பேருக்குக் குரல் குடுத்தா ஊரு சும்மா வுடுமா?”

“வுடாது.”

“தெரிஞ்சேதான் போறியா?”

“புள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்யா. அத எங்க போயி அழிக்கறது?”

மறுநாள் விடியற்காலை ராஜம்மாவும் மூன்று பிள்ளைகளும் புறப்பட்டபோது, துளசிங்கமும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐம்பது அடி பின்னால் வந்தான். கேட்டால் வலை காயவைக்கப் போகிறேன் என்று சொல்லலாம் அல்லவா.

கடற்கரையில் மூன்று பெரிய படகுகள் அலையில் ஆடிக்கொண்டிருந்தன. எண்பது பேருக்கு மேல் அவற்றில் ஏற்கெனவே நெருக்கி உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் தலை மழித்திருந்தது. முகங்கள் முழங்காலில் புதைந்திருந்தன. மணலில் ஒரு வெள்ளைக்கார எழுத்தன் பட்டியலோடு நின்றான். அவன் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன், துபாஷி, உரக்கக் கூவினான்.

“ஜனவரி!”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது யாருடைய பெயர்?

“பிப்ரவரி!”

ராஜம்மாவுக்குப் புரிந்தது. ஏற்றப்படுகிறவர்களுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். மாதப் பெயர், கிழமைப் பெயர், கையில் கிடைத்த பெயர். பெரியசாமி என்று கூப்பிடுவார்கள், குரல் கொடுக்கலாம் என்று அவள் நினைத்து வந்தாள். பாடு பிரிக்கும் கரையில் வாழ்ந்தவளுக்கு, பெயரையே திருடிவிட்டு அப்புறம் பெயர் கூப்பிடுவார்கள் என்று தோன்றவேயில்லை.

“மார்ச்! ஏப்ரல்!”

“யக்கா, இதுல எது எங்கண்ணன்?” எல்லம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“தெரியலடி.”

“மே!”

“இருக்கோம்!” என்றாள் எல்லம்மா.

துபாஷி திரும்பிப் பார்த்தான். எழுத்தன் அடுத்த பெயரை வாசித்தான்.

“ஜூன்!”

“இருக்கோம்!”

கஸ்தூரி அம்மாவைப் பார்த்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண் அவள். அடுத்தவர் பெயருக்குக் குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்று பால்குடிக்கும்போதே தெரிந்தவள். அடுத்த பெயருக்கு எல்லம்மாவோடு அவள் குரலும் சேர்ந்தது. அடுத்ததற்கு மாசிலாமணியின் உடைந்த குரல். அதற்கடுத்து ராஜம்மா. “வியாழன்!” என்று துபாஷி கத்தியபோது, ஐம்பது அடி பின்னாலிருந்து, வலையைக் கீழே போட்டுவிட்டு, ஏரியின் எதிர்க்கரைக்கே கேட்கும் குரலில் துளசிங்கம் கூவினான்: “இருக்கோம்!”

படகுகளில் தலைகள் நிமிர்ந்தன.

துபாஷி பாய்ந்து வந்தான். “இன்னாடி, தமாஷ் பண்றியா? எண்பது பேரும் உனக்குச் சொந்தமா?”

“ஆமா” என்றாள் எல்லம்மா.

“எப்படிடி சொந்தம்?”

“இதுல எவன் எனக்குச் சொந்தமில்லன்னு நீ காட்டு. அவன் பேருக்கு வாய மூடிக்கிறேன்.”

துபாஷி கையை ஓங்கினான். ராஜம்மா குறுக்கே போய் நின்று, எழுத்தனைப் பார்த்து டச்சு மொழியில் விதியைச் சொன்னாள். அவன் திகைத்துப் போனான். பிறகு வானத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். காற்று மாறப்போகிறது. “ஒருவனைக் காட்டு. ஒருவனை இறக்கி விசாரிக்கிறேன். மற்றதைப் பேசாதே” என்றான்.

ராஜம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகுகளுக்கு இடையே நடந்தாள். எல்லம்மாவைத் துபாஷி மணலிலேயே பிடித்துக்கொண்டான்; மழித்த தலைகளிலும் அடிபட்டு வீங்கிய முகங்களிலும் பெரியசாமியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. “கையத் தூக்குங்க” என்று தமிழிலும் தெலுங்கிலும் சொன்னாள். தூக்கினார்கள். எத்தனை கைகள்! நண்டு கவ்விய தழும்பும் கெளுத்தி முள் குத்திய வடுவும் நிறைந்த இரண்டு கைகள் மூன்றாவது படகில் இருந்தன. அவள் அந்தக் கைகளைக் காட்டினாள்.

அவனை இறக்கும்போது, பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்தாள். “நா பேரு ரங்கம்மா” என்றாள். காப்பாற்று என்று கேட்கவில்லை. என் பெயர் ரங்கம்மா, அவ்வளவுதான் சொன்னாள். உடனே அவளுக்குப் பின்னாலிருந்தவன் தன் பெயரைச் சொன்னான். அடுத்தவள் சொன்னாள். அப்புறம் மூன்று படகுகளிலும் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. துடுப்புகள் விழுந்தன. படகுகள் போயின.

ராஜம்மா கரைக்கு வரும்வரை உதடு அசைத்துக்கொண்டே வந்தாள். மணலில் கால் வைத்தபோது அவள் நினைவில் பதினோரு பெயர்கள் இருந்தன.

பெரியசாமியை ஒருநாள் விசாரித்துவிட்டு விடுவித்தார்கள். அந்த வாரமே உபதேசியார் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். ஊர் கூடிப் பேசி, அந்த ஆண்டு துளசிங்கம் வீட்டுப் பெயரைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தது. ஒரு வருஷம் அந்தக் குடும்பம் எல்லம்மா வீட்டாரோடு சேற்றில் குந்தி, கையால் இறால் தடவியது. துளசிங்கத்துக்கு அது சுத்தமாக வரவில்லை. நண்டு கவ்வும்போதெல்லாம் கத்தினான்.

“கத்தாத மாமா, எல்லா நண்டும் ஓடிப்பூடும்” என்று எல்லம்மா அதட்டுவாள்.

“இத்தினி நாளா உனுக்கு எங்க வூட்ல படிப்பு. இப்ப எனுக்கு உங்க வூட்ல படிப்பு” என்பான் அவன், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

பாடம் நிற்கவில்லை. புத்தகம் இல்லாமலே ராஜம்மா தொடர்ந்தாள். ஒன்று மட்டும் மாறியது. கரியால் கோடு போடுவதற்கு முன், பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். ரங்கம்மா. கோட்டய்யா. நாகலட்சுமி. பேரய்யா. பிள்ளைகள் மூவரும் ஒவ்வொரு பெயருக்கும் “இருக்கோம்” என்று சொன்ன பிறகுதான் பிரான்சும் இங்கிலாந்தும். பெரியசாமியும் வந்து உட்கார ஆரம்பித்தான். அவன் படிக்கவில்லை, குரல் மட்டும் கொடுத்தான்.

கஸ்தூரிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் ஒருநாள் ராஜம்மா சொன்னாள்: “ஒருத்தனக் காட்டுன்னான். காட்டிட்டேன். மீதிப் பேரு கையத் தூக்கினேதான் இருந்தாங்க.”

“வேற இன்னாம்மா பண்ணியிருக்க முடியும்?”

“தெரியல. தெரியலன்றதையும் சேத்துப் படிச்சிக்கோ.”

ராஜம்மா கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தவள். யார் பெயரும் விட்டுப்போகாத ஓலை ஒன்று மேலே ஆண்டவர் கையில் இருக்கிறது, ஒருநாள் அது வாசிக்கப்படும் என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனாள். அப்படி ஓர் ஓலை மேலே இருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இல்லாததால்தான் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. எந்தத் தெய்வமும் செய்யப்போவதில்லை. அவளும் அதை ஆண்டவரிடம் மட்டும் விட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தினமும் காலையில் தானே வாசித்தாள்.

உங்கள் வீட்டில் வரலாறு படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கு அந்தப் பாடப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். டச்சுக்காரர்கள் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், வியாபாரம் செய்தார்கள் என்று இருக்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், “கப்பலில் யார் போனார்கள்?” என்று பிள்ளையைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பழவேற்காடு போகும்போது அந்தப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கல்லறைக் கற்களைப் படித்து முடித்த பிறகு கடற்கரைக்கு நடந்து போய் நின்று, “ரங்கம்மா” என்று உரக்கக் கூப்பிடுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.